கால் விரல் வலியும் எட்டாம் நம்பர் ஷூவும்

திருச்சியில் ஒரு செருப்புக் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் வாசலிலேயே நம்பரைச் சொல்லிவிடுவார்கள். "எட்டு குடுங்க." "அவருக்கு ஒம்போது, கருப்புல." எப்போது அளந்த எட்டு என்று கேட்டால் சிரிப்பார்கள். காலேஜ் சேர்ந்தபோது வாங்கிய ஷூவின் நம்பர் அது. அதற்குப் பிறகு கல்யாணமாகி, தொப்பை போட்டு, இரண்டு பிள்ளைகளும் பிறந்தாயிற்று. கால் மட்டும் அப்படியே இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் வயதும் எடையும் கூடக் கூட, பாதத்தைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் தளர்ந்து கால் கொஞ்சம் நீளும், கொஞ்சம் பரக்கும். பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்குப் பழைய செருப்பு இறுக்கத் தொடங்குவதும் இதனால்தான்.

போட்டுப் பார்த்துவிட்டு, "முன்னாடி இடிக்குதேப்பா" என்பார்கள். அதற்கு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று உண்டு: "போடப் போட லூஸ் ஆயிடும் சார்." நானும் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அதில் கால்வாசி உண்மை. தோல் ஷூ பக்கவாட்டில் சற்று விரியும். நீளத்தில் விரியாது. ரெக்சினும் சிந்தெடிக்கும் எந்தப் பக்கமும் சொல்லிக்கொள்ளும்படி விரியாது. முன்னால் இடிக்கிற ஷூவை ஆறு மாதம் போட்டால் விரல்தான் அதற்கேற்ப மடங்கிப் பழகும்.

இத்தனை நாள் ரப்பர் செருப்பில் திரிந்துவிட்டு முதல் வேலைக்காக ஷூ வாங்கப் போகிறவர்கள், டாக்டர் சொன்னதால் வாக்கிங் தொடங்கியவர்கள், புதிதாக ஓடுகிறவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த கால்களும், பிறகு என் காலில் நானே பட்டதும்தான் என் படிப்பு. கடை வேலையை விட்டபின் ஓட ஆரம்பித்தேன். மூன்றே மாதத்தில் இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்து விழுந்தன. ஊருக்கெல்லாம் ஷூ மாட்டிவிட்ட எனக்கும் ஒரு 'எட்டாம் நம்பர்' இருந்தது. அளந்து பார்த்தால் ஒன்பது.

முதலில் ஒரு தாளும் பென்சிலும்

டாக்டரிடம் போவதற்கு முன், கடைக்குப் போவதற்கு முன், வீட்டில் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. சாயங்காலம் செய்யுங்கள். பகல் முழுக்க நின்று நடந்த பிறகு கால் சற்று வீங்கியிருக்கும். ஷூவுக்குள் இருக்க வேண்டியது அந்தக் கால்தான்.

சுவரை ஒட்டி ஒரு ஏ4 தாளைத் தரையில் வையுங்கள். ஷூவோடு போடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, குதிகால் சுவரைத் தொடும்படி அதன்மேல் ஏறி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் கணக்கு தப்பும், ஏனென்றால் உடம்பின் எடை இறங்கும்போதுதான் பாதம் முழுதாக விரிகிறது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைய வீட்டில் வேறு யாரையாவது கூப்பிடுங்கள். நீங்களே குனிந்தால் எடை முன்னால் சாய்ந்து அளவு மாறிவிடும். இரண்டு கால்களையும் வரைய வேண்டும். அநேகமாக எல்லோருக்கும் ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. எது பெரிதோ அதுதான் உங்கள் அளவு.

இப்போது ஸ்கேலை எடுத்து இரண்டு அளவு குறியுங்கள். ஒன்று, சுவரிலிருந்து மிக நீண்டிருக்கும் விரலின் நுனி வரை. அது கட்டை விரலாக இருக்க வேண்டும் என்பதில்லை. பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். அவர்கள் கடையில் கட்டை விரலுக்கு முன்னால் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்குவதால், வருடக்கணக்காக இரண்டாவது விரலை மடக்கியே நடக்கிறார்கள். இன்னொன்று அகலம்: கட்டை விரலின் அடியில் உள்பக்கமாகவும் சுண்டு விரலின் அடியில் வெளிப்பக்கமாகவும் புடைத்துக்கொண்டிருக்கும் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள தூரம். மில்லிமீட்டரில் எழுதி, போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி கடையில் சொல்ல வேண்டியது இந்த அளவு.

அடுத்து, இப்போது போடுகிற ஷூவின் உள் அட்டையை, அதாவது இன்சோலை, வெளியே உருவுங்கள். தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர், கையின் கட்டை விரல் நகத்தின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் இருக்க வேண்டும். பாதம் இரண்டு ஓரத்திலும் இன்சோலைத் தாண்டி வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் ஷூ குறுகல். இன்சோல் ஒட்டியிருந்தால் வரைந்த தாளைக் கால் வடிவத்தில் வெட்டி ஷூவுக்குள் நுழையுங்கள். ஓரம் சுருண்டு மடங்கினால், அந்த இடத்தில்தான் உங்கள் விரலும் சுருண்டு மடங்கிக்கொண்டிருக்கிறது.

என் கணக்கில் விரல் வலி என்று வருகிற புதியவர்களில் நிறையப் பேருக்கு விடை இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். ஆனால் எல்லோருக்கும் அல்ல.

வலி எந்த இடத்தில்?

"விரல் வலிக்குது" என்றால் போதாது. ஒற்றை விரலால் வலிக்கிற புள்ளியைத் தொட்டுக் காட்டிப் பாருங்கள். பாதி நோயறிதல் அதில் இருக்கிறது.

கட்டை விரல் நகத்தின் ஓரத்தில், சதையோடு சேருகிற இடத்தில் வலியா? நகம் சதைக்குள் இறங்கியிருக்கும். நகத்தைப் பிறை போல வளைத்து, மூலையைத் தோண்டி வெட்டுகிற பழக்கமும், பக்கவாட்டில் நெருக்குகிற ஷூவும் சேர்ந்தால் இது வரும். நகத்தை நேராக வெட்டுங்கள். மூலை சதைக்கு மேலே தெரிய வேண்டும். ஆரம்பத்தில் வெதுவெதுப்பான நீரில் காலை வைப்பதும், சில வாரம் திறந்த செருப்பில் நடப்பதுமே போதுமானதாக இருக்கலாம். சீழ் வைத்தால், சிவந்து வீங்கினால் டாக்டர்தான். மரத்துப்போக ஊசி போட்டு நகத்தின் ஓரத்தை எடுத்துவிடுவார்கள், சின்ன வேலை. வீட்டில் பிளேடை எடுத்து நோண்டுகிறவர்கள் அதைப் பெரிய வேலையாக்கிவிடுகிறார்கள்.

நகமே கறுத்துவிட்டதா? என் கதை. ஓடும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் கால் முன்னால் வழுக்கி, ஒவ்வொரு அடிக்கும் நகம் ஷூவின் முகப்பில் மோதும். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டும். ஷூ நீளம் குறைவாக இருந்தாலும் இது வரும், லேஸ் தளர்ந்து கிடந்தாலும் வரும். வலி இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். புது நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். அன்றே விண்விண்ணென்று தெறித்தால் டாக்டரிடம் போங்கள், சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் உடனே அடங்கும். ஒன்று மட்டும் கவனம்: எங்கும் இடிக்காமலேயே நகத்தில் ஒரு கறுப்புக் கோடு தோன்றி, நகம் வளர்ந்தும் நகராமல் அதே இடத்தில் அகலமாகிக்கொண்டே போனால் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அபூர்வம்தான், ஆனால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சுண்டு விரலின் மேலே அல்லது வெளி ஓரத்தில் கெட்டியாக, அமுக்கினால் உயிர் போகிற மாதிரி ஒரு புள்ளி இருந்தால் அது கால் ஆணி. ஆணிக்கு வேர் இருக்கிறது, அதைப் பிடுங்கினால் போய்விடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. வேர் கிடையாது. ஒரே இடத்தில் ஷூ தேய்த்துக்கொண்டே இருப்பதால், உடம்பு தற்காப்புக்காகத் தோலைத் தடிக்கவைக்கிறது. அது கூம்பு போல உள்ளே அழுத்துகிறது. தேய்ப்பது நிற்காத வரை எத்தனை தடவை வெட்டினாலும் திரும்ப வரும். கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் ஆசிட். அதற்கு ஆணிக்கும் நல்ல சதைக்கும் வித்தியாசம் தெரியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் அதைத் தொடவே கூடாது. உள்ளங்காலில் இருப்பதை எல்லோரும் ஆணி என்கிறார்கள், அதில் சில மருவாக இருக்கும். நேராக அமுக்கும்போது வலித்தால் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளும்போது அதிகம் வலித்து, சீவினால் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் மரு. மரு வைரஸால் வருவது. அதற்கு ஷூ மாற்றிப் பயனில்லை.

அடுத்தது கட்டை விரலின் அடி. இங்கே மூன்று விதமான வலி வரும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, எலும்பு உள்பக்கமாக முண்டிக்கொண்டு நிற்க, கட்டை விரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்வது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பனியன். நாம் சட்டைக்குள் போடும் பனியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாதத்தின் அமைப்பு பரம்பரையாக வருவதால், அம்மாவுக்கோ பாட்டிக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு. கூர்மையான ஷூ அதைக் கிளப்பிவிடும், வளர்த்துவிடும். இதற்கு அழகான சாட்சி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரக் கல்லறைகளில் கிடைத்தது. அங்கே தோண்டியெடுத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் இந்த முண்டு. 14, 15-ஆம் நூற்றாண்டுக்காரர்களில் 27 சதவீதம். நடுவில் என்ன நடந்தது? நீளக் கூர் மூக்கு வைத்த காலணி பாணியாகிவிட்டது. முண்டு வந்துவிட்டால் ஷூ மாற்றுவதால் எலும்பு திரும்ப நேராகாது. ஆனால் முன்பக்கம் அகலமான ஷூ போட்டால் உரசலும் வலியும் நன்றாகக் குறையும். ஆபரேஷனைப் பற்றி யோசிப்பது அதற்கும் அடங்காத வலிக்குத்தான்.

இரண்டாவது, முண்டு பெரிதாக இல்லை, ஆனால் விரல் மேல்நோக்கி மடங்க மறுக்கிறது. படி ஏறும்போதும் குந்தி உட்காரும்போதும் வலி. மூட்டுத் தேய்மானம். இங்கே பலர் செய்யும் தவறு, மெத்து மெத்தென்று வளைகிற ஷூவைத் தேடுவது. அது விரலை இன்னும் மடக்கும். விறைப்பான சோல், அதிலும் முன்நுனி சற்று மேல்நோக்கி வளைந்து உருண்டு போகிற சோல், இவர்களுக்கு நல்லது. மூட்டு மடங்க வேண்டிய வேலையை சோல் ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவதுக்கும் ஷூவுக்கும் சம்பந்தமே இல்லை. ராத்திரி நன்றாகப் படுத்தவர், விடியற்காலையில் கட்டை விரல் மூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, போர்வை பட்டாலே அலறுகிற மாதிரி எழுந்திருப்பார். இது கௌட். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, ஊசி மாதிரிப் படிகங்களாக மூட்டில் படிவதால் வருவது. நம்மாட்கள் "செருப்பு கடிச்சிருக்கும்" என்று இரண்டு நாள் தைலம் தேய்ப்பார்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனை செய்தால் யூரிக் ஆசிட் சரியான அளவில் இருக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது அப்படிக் காட்டுவது உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாமல், சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னால் பாருங்கள். மூட்டு சூடாக, காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித்தொற்றாகவும் இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே எரிச்சல், மின்சாரம் அடிக்கிற மாதிரி, அல்லது சாக்ஸுக்குள் கூழாங்கல் மாட்டிக்கொண்ட மாதிரி ஓர் உணர்வு. கழற்றி உதறிப் பார்த்தால் கல் இருக்காது. விரலுக்குப் போகும் நரம்பு எலும்புகளுக்கு நடுவே நசுங்கித் தடித்திருப்பதுதான் காரணம். 1876-இல் இதை விவரித்த அமெரிக்க டாக்டர் தாமஸ் மார்ட்டன் பெயரில் மார்ட்டன் நியூரோமா என்பார்கள். ஷூவைக் கழற்றிப் பாதத்தை நீவிவிட்டால் உடனே சுகம் கிடைப்பது இதன் அடையாளம். ஆபீஸில் மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம். ஹை ஹீல்ஸ் உடம்பின் எடையை முன்பாதத்தில் தள்ளி இதை மோசமாக்கும்.

விரல் நடுவே மடங்கி, சுத்தியல் மாதிரி நிற்கிறதா? நீளம் போதாத ஷூவின் கைவேலை. கையால் நிமிர்த்த முடிகிற வரை பயிற்சிக்கும் ஷூ மாற்றத்துக்கும் பலன் உண்டு. விறைத்துப்போன பின் கஷ்டம். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி அரித்தால் சேற்றுப்புண், பூஞ்சை. அளவில் தப்பு இல்லை, ஈர சாக்ஸில் தப்பு. சுண்டு விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டு நீலம் பாரித்தால், பக்கத்து விரலோடு நடுவில் பஞ்சு வைத்துச் சேர்த்துக் கட்டுவது முதலுதவி. விரல் கோணியிருந்தாலோ ஊன்றவே முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வலிக்காத விரல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் ஒரு பெரியவர், சிறிய நம்பரைப் போட்டுக்கொண்டு "இது நல்லா கச்சிதமா இருக்கு" என்றார். பெரிய நம்பரைக் கொடுத்தால் "கழண்டு விழற மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு இருபது வருடச் சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால், நசுக்கினால்தான் அவருக்கு ஷூ போட்டிருப்பதே தெரிந்தது. அன்று எனக்கு இது புரியவில்லை. சிறியதையே பில் போட்டுக் கொடுத்தேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலின் உணர்வை நம்பி ஷூ வாங்கக் கூடாது. தாளில் வரைந்த அளவை மட்டும் நம்புங்கள். போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல்லோ, மேலெழும்பிய ஆணியோ, மடங்கிய இன்சோலோ இருந்தால் கைக்குத்தான் தெரியும். ராத்திரி விரல் இடுக்குகளையும் பாதத்தின் அடியையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி. எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கிடைக்கும். நுண்ணறை ரப்பரில் செய்த மெத்தையான தளம், பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும். அதில் பின்பட்டை வைத்ததாக, விரல் இடுக்கில் வார் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இவர்களுக்குக் காலில் எந்தப் புண் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், "ஆறிடும்" என்று காத்திருக்கக் கூடாது. விரல் ஜில்லென்று நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மணிக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

கடையில்

சரி, அளந்தாயிற்று, ஷூ வாங்கப் போகலாம். சாயங்காலம் போங்கள், சாக்ஸைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடை சாக்ஸ் என்று ஒன்று இருக்கும். எத்தனை பேர் காலைப் பார்த்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நம்பரைப் பற்றி இரண்டு வார்த்தை. யு.கே. அளவில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். அரை நம்பருக்கு 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஐரோப்பிய எண்ணில் ஒரு நம்பருக்கு 6.67 மில்லிமீட்டர். ஒன்று மற்றதற்குள் சரியாக அடங்காது என்பதால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றிப் போடுகிறது. நைக்கியின் அட்டவணையில் யு.கே. 8 என்பது 27 சென்டிமீட்டர் காலுக்கு. அடிடாஸில் அதே 8 என்பது 26.5-க்கு. ஸ்போர்ட்ஸ் ஷூவின் நாக்கில் ஒட்டியிருக்கும் சிறிய லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அங்கே சென்டிமீட்டர் கணக்கும் அச்சிட்டிருக்கும். உங்கள் போட்டோவில் இருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

அகலம் இன்னும் பெரிய பிரச்சினை. வெளிநாடுகளில் ஒரே நீளத்தில் இரண்டு மூன்று அகலங்கள் கிடைக்கும். நம் ஊர்க் கடையில் அகலம் என்று கேட்டால், ஒரு நம்பர் பெரியதை எடுத்து நீட்டுவார்கள். நானும் நீட்டியிருக்கிறேன். இத்தனைக்கும் சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து பார்த்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம் பாதங்கள் பொதுவாக அகலம் என்று தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்து நம்பர்களை விட்டுவிட்டு 'பா' என்ற பெயரில் இந்திய அளவுமுறை ஒன்றையும் அவர்கள் வடிவமைத்தார்கள். பாரதத்தின் முதல் எழுத்து அது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஐரோப்பியக் கால்களுக்கு அளவெடுத்தாற்போலத் தைத்து அனுப்புகிறோம். நம் அகலக் காலுக்கு ஒரு நம்பர் பெரியதை வாங்கிக்கொண்டு குதிகால் கழன்று நடக்கிறோம்.

அதனால் அகலத்தைக் கண்ணால் தேடுங்கள். ஷூவைத் திருப்பி, முன்பக்கத்தின் வடிவத்தை நீங்கள் வரைந்த பாதத்தோடு வைத்துப் பாருங்கள். கால் விரல்கள் ஒரு கூரான புள்ளியில் முடிவதில்லை, சாய்வாக ஒரு வரிசையில் முடிகின்றன. அதே சாய்வு ஷூவில் இருந்தால் நல்லது. ஆபீஸ் ஷூ என்றால் கூர்மூக்கை விட்டு வட்ட முகப்பாக எடுங்கள்.

மாட்டும்போது குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, அப்புறம் லேஸைக் கட்டி, எழுந்து நில்லுங்கள். இரண்டு காலிலும் போட வேண்டும், கடைக்காரர் ஒற்றை ஷூவைத்தான் நீட்டுவார், இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கையின் கட்டை விரலை வைத்து அமுக்குங்கள். அமுக்கும்போது உள்ளே விரலைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தெரியாமலேயே சுருக்குவார்கள். விரல்களை உள்ளே பியானோ வாசிக்கிற மாதிரி அசைத்துப் பாருங்கள். பிறகு நுனிக்காலில் நில்லுங்கள்: ஷூ மடிகிற இடமும் உங்கள் பாதம் மடிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷூ நடுவயிற்றில் மடிந்தால் அந்த ஜோடி வேண்டாம். கடையில் சாய்தளமோ படியோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முகப்பைத் தொட்டால் இன்னும் பெரியது கேளுங்கள். குதிகால் துளியூண்டு எழும்பலாம், கழன்று வரக் கூடாது.

பெரியதாக வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். தொளதொள ஷூவில் கால் முன்னால் வழுக்கும், அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். ரப்பர் செருப்பில் நீண்ட தூரம் நடந்தால் விரல் வலிப்பதும் இந்தப் பிடிப்பால்தான். இங்கேதான் லேஸ் உதவிக்கு வரும். ஓடுகிற ஷூவில் மேலே, சற்றுப் பின்தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஒரு கடைசி ஓட்டை இருக்கும். லேஸை அந்த ஓட்டையில் அதே பக்கத்தில் விட்டு ஒரு சிறு வளையம் செய்யுங்கள். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும், முன்னால் வழுக்காது. எனக்கு நகம் கறுப்பது நின்றதில் ஒன்பதாம் நம்பருக்குப் பாதிப் பங்கு, இந்த ஓட்டைக்குப் பாதிப் பங்கு.

மெட்டி போடுகிறவர்கள் மெட்டியோடுதான் ஷூவைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது விரலில் கனமான மெட்டி இருந்தால் அது பக்கத்து விரலில் அழுந்திப் புண்ணாகும். முன்பக்கம் குறுகிய பெல்லி ஷூவில் இது சாதாரணம். கர்ப்பக் காலத்தில் கால் வீங்கும்போது மெட்டி கழற்ற முடியாமல் இறுகிவிடும், வீக்கம் தொடங்கும்போதே தளர்த்திவிடுங்கள்.

பிள்ளைகள்

ஜூன் மாதம் வந்தால் கடையில் ஸ்கூல் ஷூ கூட்டம். பாதிப் பேர் பிள்ளையை அழைத்து வராமல் பழைய ஷூவைக் கொண்டு வருவார்கள். "இதவிட ரெண்டு நம்பர் பெருசா குடுங்க, வளர்ற பையன்." முகப்பில் பஞ்சையோ நியூஸ்பேப்பரையோ அடைத்து அனுப்புவார்கள். அடுத்த வருடம் அது சரியாகும்போது சோல் தேய்ந்திருக்கும். முன்னால் கையின் கட்டை விரல் அகலத்துக்கு மேல் விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்சோலை உருவி அதன்மேல் நிற்கவைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். வீட்டு வாசலில் ஷூவை உதறிவிட்டு ஓடுவார்கள், அதுதான் அவர்கள் சொல்லும் விதம். மேலே சொன்ன அடையாறு நிறுவனத்தின் கணக்கெடுப்பில் பெண்பிள்ளைகளுக்குப் பாத வளர்ச்சி 11 வயதிலும், பையன்களுக்கு 15, 16 வயதிலும் உச்சத்தில் இருப்பது தெரிந்தது. பையன் பத்தாவது படிக்கும்போது ஒரே வருடத்தில் இரண்டு ஜோடி கேட்டால் திட்டாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

அகலத்தில் மட்டும் இறுக்குகிற தோல் ஷூ என்றால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் கட்டையை உள்ளே அடித்து ஓரிரு நாள் வைத்து விரித்துத் தருவார். எந்த இடத்தில் முண்டு இடிக்கிறதோ அதைச் சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். முண்டுக்கு நேராக இருக்கும் ஓட்டையில் மட்டும் லேஸைக் கோக்காமல் விட்டாலும் கொஞ்சம் இடம் கிடைக்கும். தடித்த இன்சோலை எடுத்துவிட்டு மெல்லியதைப் போடலாம், சாக்ஸை மாற்றலாம். நீளம் போதவில்லை என்றால் வழியே இல்லை. யாருக்காவது கொடுத்துவிடுங்கள், காசு போனதுதான்.

புது ஜோடியை வாங்கி வந்ததும் தெருவில் இறங்காதீர்கள். முதல் மூன்று நாள் சாயங்காலம் வீட்டு டைல்ஸில் மட்டும் அரை மணி நேரம் போட்டு நடங்கள். கழற்றியதும் சாக்ஸையும் உருவிவிட்டுப் பாதத்தைப் பாருங்கள்: சிவந்த தடம் எங்கே, அது பத்து நிமிடத்தில் மறைகிறதா. மறையாவிட்டால் அந்த இடத்தில்தான் ஆணியோ கொப்புளமோ வரப்போகிறது. சோலில் மண் ஒட்டாத ஷூவை மாற்றித் தர எங்கள் கடையில் பெரும்பாலும் மறுத்ததில்லை. பில்லை மட்டும் டப்பாவோடு சேர்த்து வைத்திருங்கள்.